ஏழு தையலுக்கு ஒரு டக்

தப்பு செய்தவர்கள் முந்திக்கொண்டு கோபப்படுவார்கள். தையல்காரி அன்று காலை ஆறரை மணிக்கே கோபத்தில் இருந்தாள்.

தேநீரைக் கணவன் முன்னால் வைத்த வேகத்தில் பாதி தட்டில் சிந்தியது.

"இன்னிக்கும் அந்தப் பாட்டுதானா?"

"இன்னிக்குத்தான் அந்தப் பாட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர். ஒலிப்பதிவுத் தொழிலில் எதையும் தப்பவிடாத காது என்பதால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. காதுக்காரரின் தங்கை சின்னவள் ட்ராக் பாடுகிறவள். இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும், பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக முதலில் பாடிக் கொடுப்பது அவள் வேலை. பெரிய பாடகி வந்து பாடியதும் இவள் குரலை எடுத்து எறிந்துவிடுவார்கள். இருநூற்றுப் பதினோரு பாட்டு இப்படிப் பாடியாகிவிட்டது. ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் காசில் ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். நல்ல செருப்பு என்றால் ஒரு காலுக்குத்தான் வரும்.

போன வாரம் காதுக்காரர் முடிவெட்டிக்கொள்ளப் போனார். கடை ரேடியோவில் குடைப் பாட்டு ஓடியது. ஊரே முணுமுணுக்கிற பாட்டு. பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்கு ஓடி வந்தார். "ரெண்டாவது சரணம் பாடகியம்மா இல்ல. நம்ம சின்னவ!" என்றார்.

இசையமைப்பாளருக்குப் போன் போட்டார். "அண்ணே, உங்க தங்கச்சி பாடினதைக் கேட்டு பாடகியம்மா அப்படியே பாடியிருக்காங்க. ட்ராக்கு வேற எதுக்காம்?" என்று அவர் வைத்துவிட்டார்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பாட்டின் காகிதம் பாட்டுக் கம்பெனிக்குப் போகிறது. யார் பாடினார்கள், யார் வாசித்தார்கள் என்று எழுதும் காகிதம். பாட்டு எங்கே ஒலித்தாலும் வருகிற காசில் பங்கு, அதில் பெயர் இருப்பவர்களுக்குத்தான். பெயர் ஏறாதவர்கள் சாகும்வரை இலவசமாகக் கேட்டு ரசிக்கலாம்.

வீட்டில் பதிவு செய்தது இருக்குமே, அதைப் போட்டுக் காட்டலாமே என்று தோன்றும். அனுப்பியதும் வீட்டுப் பிரதியை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. உலகத்தில் ஒருவரும் அழிப்பதில்லை. காதுக்காரர் அழித்துவிட்டார்.

"யோக்கியமா இருக்கிறதுக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்று தையல்காரி ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டே அறை வீடு. முன்னறையில் தையல்காரியின் மிதி மெஷின். பின்னறையில் துணி அலமாரி. அந்த அலமாரிதான் சின்னவளின் ஒலிப்பதிவுக் கூடம். கோட்டு மாட்டும் கொக்கியில் மைக்கைத் தொங்கவிட்டு, சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டிருப்பார் அண்ணன். அவள் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு பாடுவாள். "அண்ணனோட கம்பளிக் கோட்டுக்கு நான் பாடின அளவு வேற யாருக்கும் பாடினதில்ல" என்பாள்.

காதுக்காரர் பாட்டை மறுபடி போட்டார். இரண்டு பழைய ஒலிபெருக்கிகளும் அலறின.

சின்னவள் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நாற்பதை நெருங்குகிற பெண். அதிர்ந்து பேச மாட்டாள்.

"எனக்கே தெரியலண்ணா. இது நான்தான்னு சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்."

"உன் மூச்சு அது. வார்த்தைக்கு நடுவுல திருட்டுத்தனமா ஒண்ணு எடுப்பியே, அது இருக்கு."

"எங்க இருக்கு? மூச்செல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்களே."

அதுதான் உண்மை. குரலைப் பிடித்து, சுருதி கொஞ்சம் நகர்ந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரால் நேராக்கி, நெளிவை எடுத்து, வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். பாடியது சின்னவளா, பாடகியம்மாவா, வங்கியில் டோக்கன் எண் சொல்லும் பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கிப் பெண்ணும் சின்னவள்தான், அது வேறு விஷயம். காதுக்காரருக்கு அந்த மாதிரி அறிவிப்புகளைப் பதிவு செய்யும் கம்பெனியில்தான் வேலை.

தையல்காரி மெஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைகளை ஓட்ட ஆரம்பித்திருந்தாள். மிதியை மிதித்த வேகத்தில் வீடு அதிர்ந்தது.

"ஏங்க, பாட்டுன்னா இப்படியா மேல விழுந்து கடிக்கும்?"

"மெதுவா இருக்கிற இடத்தையெல்லாம் தூக்கி, சத்தமா இருக்கிற இடத்தோட சமமா வச்சுட்டான். போன்ல கேக்கிறவன் அடுத்த பாட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு பயம். எல்லாப் பாட்டும் இப்ப இப்படித்தான்."

"மடிப்பு வச்ச கவுனை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கின மாதிரி."

"அதேதான். நான் அரை மணி நேரமா சொல்றதை நீ ஒரு வரியில சொல்லிட்ட."

"பாராட்டு வேண்டாம். அதை நிறுத்துங்க."

"இரு, ரெண்டாவது சரணம் வருது. நீதான் மெஷினைக் கொஞ்சம் நிறுத்தேன்."

"நிறுத்தியாச்சு."

"எங்க நிறுத்தின? ஓடுதே."

"நிறுத்தியாச்சுங்கறேன்ல?"

காதுக்காரர் எரிச்சலோடு திரும்பினார். தையல்காரியின் இரண்டு பாதமும் தரையில் இருந்தன. சக்கரம் அசையவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒலிபெருக்கிக்குள்.

டர்ர்ர் என்று அடியில் ஒரு இரைச்சல். அதன்மேல் சீராக ஒரு டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

 சின்னவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணி," என்றாள். "அன்னிக்கு நான் பாடுறப்போ மெஷினை நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே?"

தையல்காரி நூல்கண்டை எடுத்து, பார்த்து, திரும்ப வைத்தாள்.

"நாப்பது சீருடை. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்குது. கதவுல ரெண்டு போர்வை தொங்கவிட்டுட்டு மெதுவாத்தான் மிதிச்சேன். கேக்காதுன்னு நினைச்சேன்." பிறகு குரல் உயர்ந்தது. "எல்லாரும் காதுக்காரர் காதுக்காரர்னு கொண்டாடுறாங்களே, பக்கத்து அறையில ஓடின மெஷின் இவருக்கு அன்னிக்குக் கேக்கலையே!"

காதுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடப் பேர். அதில் ஒரு தையல் மெஷின் ஏறி ஓடிவிட்டது.

"கேக்காதுதான். அவ்வளவு சின்ன சத்தம். போர்வைக்கு அந்தப் பக்கம். இவன் எல்லாத்தையும் தூக்கினானே, அதோட இதையும் தூக்கிட்டான்..."

பேச்சைப் பாதியில் நிறுத்தி எழுந்து நின்றார்.

"பாடகியம்மா நம்ம அலமாரியில வந்து பாடினாங்களா?"

"என்ன உளர்றீங்க?"

"பாடகியம்மா பாடின இடத்துல உன் மெஷின் எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் மற்ற இருவருக்கும் விளங்கியது. சின்னவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அது நான்தான்."

"நீயேதான். ஏழு தையலுக்கு ஒரு டக்கு," என்றாள் தையல்காரி. அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. "பெல்ட் அந்துபோச்சுன்னு கம்பி கிளிப் போட்டு இணைச்சேன்ல, அந்தக் கிளிப்பு சக்கரத்துல ஏறுறப்போ வர்ற சத்தம். ஊர்ல வேற எந்த மெஷினும் இப்படிப் பேசாது."

"அப்ப மெஷினையும் கூட்டிட்டுப் போறோம்," என்றார் காதுக்காரர்.

*

மதியம் ஒருவழியாகக் கிடைத்த சரக்கு வண்டிக்காரர் மெஷினை ஏற்றியபோது, "எங்க, பழைய இரும்புக் கடைக்கா?" என்று கேட்டுவிட்டார். தையல்காரி வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. மெஷினோடு பின்னால் நின்றுகொண்டே வந்தாள்.

இசையமைப்பாளரின் இடம் மூன்றாம் மாடி. லிஃப்டில் மெஷினை ஏற்றியதும் மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"கதவு மூடுகிறது," என்றது லிஃப்ட்.

சின்னவளின் குரல்தான். அண்ணனின் கம்பெனிப் பதிவு.

"கேட்டியா?" என்றார் காதுக்காரர். "மூடுகிறதுங்கறப்போ கடைசியில சின்னதா இறங்குது பாரு. மனுஷி பேசுறா. லிஃப்டுக்கு இருக்கிற மரியாதை பாட்டுக்கு இல்ல."

"அந்த ஆள் தினம் நாலு தடவை என் குரலைக் கேட்டுட்டுத்தான் மேல போறார்," என்றாள் சின்னவள். "பாட்டுல இருக்கிறது நான் இல்லைங்கிறார்."

இசையமைப்பாளருக்குத் தொழிலில் ஒற்றை விரல் என்று பெயர். வயலின், புல்லாங்குழல், மத்தளம் எதுவானாலும் ஒரே விரலால் கீபோர்டுப் பலகையில் தட்டி எடுத்துவிடுவார். முப்பது வயலின்காரர்களுக்குக் கொடுக்க வேண்டியதை அந்த விரல் மிச்சம் பிடிக்கிறது. மிச்சம் அவரிடம் தங்குவதாகவும் தெரியவில்லை. சட்டையில் பட்டன் ஒன்று இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

கதவைத் திறந்தவர் மெஷினைப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன?"

"வாத்தியம்."

உள்ளே ஒரே அறை. சுவரெல்லாம் பஞ்சு. பெரிய திரையில் குடைப் பாட்டு தடித்த பட்டையாக, நீளமாக வரையப்பட்டிருந்தது.

"இது என்ன, செவுரா?" என்று கேட்டாள் தையல்காரி.

"பாட்டுதான் அக்கா. பாட்டோட படம்."

"ஒரு மேடு பள்ளம் காணோமே. பூசி மெழுகிட்டீங்களா?"

மேசைமேல் காகிதம் இருந்தது. பாடியவர் என்ற இடத்தில் பாடகியம்மாவின் பெயர் மட்டும். மணி மூன்றரை.

காதுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டாவது சரணத்தைப் போடச் சொன்னார். டக் வந்ததும் விரலை உயர்த்தினார்.

"இது என்ன சத்தம்?"

ஒற்றை விரல் சிரித்தார். "அதுவா? அது நான் போட்ட தாளம் அண்ணே. பத்திரிகையில படிக்கலையா? நாலு மேல ஏழு ஓடுது. பாட்டு நாலு தட்டு, இது ஏழு தட்டு. எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. மூணு நாள் யோசிச்சேன்."

பொய் சொல்கிறவர்கள் எப்போதும் நாள் கணக்குச் சொல்வார்கள்.

"மூணு நாளா?" என்றாள் தையல்காரி. "நான் யோசிக்கவே இல்ல தம்பி. கிளிப்பை மாட்டினேன், மிதிச்சேன். சரி, நாலாவது வரியில அந்தச் சத்தம் நின்னுடுதே, அது ஏன்?"

"அது... ஓய்வு. பாட்டு மூச்சு வாங்குற இடம்."

"அங்க நூல் அந்துபோச்சு. மறுபடி ஊசியில கோக்கறதுக்கு ஒரு வரி ஆச்சு."

ஒற்றை விரல் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தைப் பொத்திக்கொண்டார். 

"பாட்டைப் போடுங்க," என்றாள் தையல்காரி. பையிலிருந்து பாதி தைத்த சட்டையை எடுத்து ஊசிக்கடியில் கொடுத்தாள். "ரெண்டாவது சரணம். இவ பாடினா என் கால் தானாப் போகும். வீட்டுல பதினஞ்சு வருஷமா அப்படித்தான் தைக்கிறேன்."

பாட்டு வந்தது. கால் அசைந்தது.

முதல் டக் ஒலிபெருக்கியிலிருந்தும் மெஷினிலிருந்தும் ஒரே சமயத்தில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். நாலாவது வரி வருமுன் பாதத்தைத் தூக்கிக்கொண்டாள். பாட்டிலும் சத்தம் நின்றது. வரி முடிந்ததும் மிதித்தாள். இரண்டும் சேர்ந்தே ஓடின. பாட்டுக்குள் ஓடுவது எது, அறையில் ஓடுவது எது என்று காதுக்காரருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறையாக இதே மெஷினிடம் தோற்றார். இந்த முறை வருத்தமில்லை.

ஒற்றை விரல் நாற்காலியில் சாய்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார்.

"பாடகியம்மாவுக்கு அன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. மறுநாள் காலையில பாட்டு போகணும். கம்பெனிக்கு அவங்க பேர் இல்லாம பாட்டு வேண்டாம். மொத்தமா ஒரு தொகை குடுப்பாங்க, அதுக்குள்ள எல்லாத்தையும் நான்தான் முடிக்கணும். என்ன பண்ணச் சொல்றீங்க? ரெண்டு குரலையும் ஒரே மாதிரி ஆக்குறது எனக்கு அரை மணி நேர வேலை."

"அரை மணி நேரம்தானா?" என்றாள் சின்னவள்.

அவள் அந்த அறைக்குள் பேசிய முதல் வார்த்தை அது. ஒற்றை விரல் வேறு பக்கம் திரும்பிக் காதுக்காரரைப் பிடித்தார்.

"அண்ணே, உங்களை எனக்குத் தெரியாதா? பாட்டைக் கொலை பண்ணிட்டேன்னு நாலு இடத்துல திட்டியிருக்கீங்க. எனக்கும் இது பிடிக்கல. நீங்களே உட்காருங்க. உங்க இஷ்டத்துக்கு மறுபடி கலந்து குடுங்க. பழசை எடுத்துட்டு எல்லா இடத்துலயும் இதையே போட்டுடறேன். பேர் விஷயம் அடுத்த வாரம் நிதானமாப் பேசிக்கலாம்."

நாற்காலியையும் காலி செய்து கொடுத்தார்.

பசித்தவன் முன்னால் இலை போட்ட மாதிரிதான். காதுக்காரர் உட்கார்ந்துவிட்டார். வேலை பார்த்த பெரிய ஒலிப்பதிவுக் கூடம் மூடிய பிறகு ஏழு வருடமாக வங்கி டோக்கன் எண்களைப் பதிவு செய்கிற மனிதர். ஒரு முழுப் பாட்டு கைக்கு வந்திருக்கிறது. விரல்கள் தாமாக நகர்ந்தன.

முதலில் அந்த அழுத்தத்தைத் தளர்த்தினார். திரையில் சுவர் இளகியது. பிறகு குரலில் போட்ட மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். மெல்லிய இடம் மெல்லியதாக இறங்கியது. வார்த்தைக்கு நடுவில் ஒரு சின்ன மூச்சு வந்தது. சின்னவள் சட்டென்று தலை நிமிர்ந்தாள். வேறு யாரையோ பார்த்ததுபோல் திரையைப் பார்த்தாள்.

மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது அறை. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"ஏங்க!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏங்க! என் மெஷின் எங்க?"

கை நின்றது.

காது கொடுத்துக் கேட்டார். குரல் இருந்தது. மூச்சு இருந்தது. டக் இல்லை. பாட்டு நன்றாக ஆக ஆக அது அடியில் போய், போர்வைக்கு அந்தப் பக்கம், இருந்த இடத்துக்கே போய்விட்டது. இதைக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் பேச எந்தச் சாட்சியும் இருக்காது. தங்கையின் பெயரை அண்ணனே தன் கையால் சுத்தமாகத் துடைத்திருப்பார்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி பார்க்கவில்லை. "பரவால்லண்ணா, நல்லா இருக்கு, இப்படியே விட்டுடு" என்று சொன்னாலும் சொல்லிவிடுகிற முகம். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு இன்னும் உறைத்தது.

எல்லாவற்றையும் பழையபடி ஏற்றினார். பாட்டு மறுபடி அலறியது. டக் டக் என்றது மெஷின்.

எழுந்து நின்றார்.

"மொதல்ல பேரு. அப்புறம் சுத்தம்."

"அண்ணே, நான் உங்களுக்கு நல்லது..."

"நல்லதுதான். ரொம்ப நல்லது. அதனாலதான் வேண்டாங்கறேன். காகிதத்தை எடுங்க."

"பாடகியம்மா சம்மதிக்கணுமே. அவங்க பாட்டுல இன்னொரு பேர் போட்டா..."

"சம்மதம்," என்றது வாசல்.

கையெழுத்துப் போட வந்த பாடகியம்மா எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. ஐம்பது வயது, கையில் வெந்நீர்க் குடுவை. நேராகச் சின்னவளிடம் வந்தார்.

"நீதானா அது? நான் கம்ப்யூட்டர் பண்ணிச்சுன்னு நினைச்சேன். 'முதல் சரணம் வரைக்கும் போதும்மா, மிச்சத்தை அது பாத்துக்கும்'னு இவர்தான் சொன்னார். மூணு மேடையில அந்தச் சரணத்தைக் கேட்டாங்க. கடைசி வரியில ஒரு திருப்பம் வச்சிருக்கியே, எனக்கு வரலை. நேரமாச்சுன்னு சொல்லி இறங்கி வந்தேன். எனக்கே வராத ஒண்ணுக்கு எனக்கே கைதட்டுறாங்க. வேர்த்துப்போகுது."

இதனால் அவரை உடனே உத்தமி என்று எழுதிவிட வேண்டாம். பாட்டு வெளியாகி இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தவர்தான். ஆனால் திறக்க வேண்டிய அறையில் திறந்தார். பலர் அதையும் செய்வதில்லை.

காகிதத்தில் அவரே சின்னவளின் பெயரை எழுதினார். வீட்டில் யாரும் கூப்பிடாத அவளுடைய முழுப்பெயர். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சம்பளம்?" என்றாள் தையல்காரி.

"ட்ராக் கூலி அன்னிக்கே குடுத்துட்டேனே அக்கா."

"அது ட்ராக்குக்கு. இது பாட்டுக்கு."

ஒற்றை விரல் பாடகியம்மாவைப் பார்த்தார். பாடகியம்மா வெந்நீர் குடித்தார். "பாதிப் பாட்டு அவ. பாதிச் சம்பளம் அவளுக்கு. என் தொகையிலேயே கழிச்சுக்குங்க, கம்பெனிக்குப் புதுசா ஒண்ணும் எழுத வேண்டாம்," என்றார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள் தையல்காரி. "அந்தத் தாளம். நாலு மேல ஏழு. பத்திரிகையில வேற வந்திருக்கு. வாசிச்சது யாரு?"

"அக்கா..."

"நீங்கதான் தாளம்னீங்க. நான் சொல்லல. வெறும் இரைச்சல்னா இப்பவே அதையும் பத்திரிகைக்குச் சொல்லிடுங்க, நான் போயிடறேன்."

ஒற்றை விரல் அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு முதல் முறையாக மனதாரச் சிரித்தார். பேனாவை எடுத்து, வாசித்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினார். வாத்தியம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்னன்னு போடறது?"

"தையல் மெஷின்னு போடுங்க. வேற என்னன்னு போடுவீங்க?"

ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மூன்று கையெழுத்தோடு காகிதம் போனது. போய்ச் சேர்ந்ததற்குச் சீட்டும் வேண்டும் என்று தையல்காரி நின்று வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் காதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. குரலின் மெழுகை எடுத்தார், சுவரை இளக்கினார். மெஷினை மட்டும் முழுக்க இறக்காமல், கூரை ஓரத்தில் சொட்டுகிற தண்ணீர் மாதிரி தூரத்தில் விட்டுவைத்தார்.

"எடுத்துடலாமே," என்றார் ஒற்றை விரல்.

"அது இப்ப வாத்தியம். எடுக்கக் கூடாது. இருக்க வேண்டிய இடத்துல இருக்கட்டும்."

சின்னவள் இரண்டாவது சரணத்தை முழுவதும் கேட்டாள். கடைசி வரியின் திருப்பம் வந்து போனது.

"சத்தியம் பண்ணச் சொன்னா இப்பப் பண்ணுவேன்," என்றாள்.

*

இறங்கும்போது பாடகியம்மாவும் கூட வந்தார். நான்கு பேரும் ஒரு மெஷினும் லிஃப்டில் கொள்ளவில்லை. மெஷினை மட்டும் முதலில் அனுப்பினார்கள். "கதவு மூடுகிறது," என்று சின்னவளின் குரல் அதற்கு மரியாதையாகச் சொல்லி, அழைத்துக்கொண்டு போனது.

"வீட்டுக்குப் போனதும் அந்த பெல்ட்டை மாத்திடறேன்," என்றார் காதுக்காரர்.

"மாத்திப் பாருங்க. கையை ஒடிச்சுடுவேன்," என்றாள் மனைவி.

பாடகியம்மா சிரிக்கவில்லை. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ யோசித்தார்.

"இது ஒண்ணு இல்லம்மா," என்றார் சின்னவளிடம். "எனக்குத் தெரிஞ்சு இன்னும் மூணு பாட்டு இருக்கு. வேற வேற இசையமைப்பாளருங்க. என் பேர்தான் போட்டிருக்கு. முழுசா நான் பாடல. ரெண்டு உன் குரலா இருக்கலாம். ஒண்ணு நீ இல்ல. கீழ் சுருதி. யாருன்னு எனக்குத் தெரியாது."

"போடுங்க," என்றார் காதுக்காரர்.

மாடிப்படி ஓரத்தில் நால்வரும் ஒரு சின்ன போனைச் சுற்றித் தலையைக் குனிந்தார்கள். யார் பாடியது என்று தெரியாத அந்தப் பாட்டு இரைந்தது. அதே சுவர், அதே மெழுகு.

"குரலை விடுங்க, குரல்ல ஒண்ணும் மிச்சமில்ல," என்றார் காதுக்காரர். "பின்னாடி என்ன இருக்குன்னு கேளுங்க."

கேட்டார்கள். காதுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தையல்காரிதான் கையை உயர்த்தினாள்.

"குழந்தை இருமுது."

மறுபடி போட்டார்கள். ஆமாம். எங்கோ அடியில், பாட்டுக்குப் பின்னால், ஒரு குழந்தை இரண்டு தரம் இருமியது. மூன்றாவது இருமல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்தது. மெதுவாக, சீராக, தாளத்தில் சேராமல்.

"தட்டிக் குடுக்கிறா," என்றாள் தையல்காரி. "பாடிக்கிட்டே தட்டிக் குடுக்கிறா."